கயிற்றில் முடிந்த கணக்கு

1561ஆம் ஆண்டு, பெருவின் லிமா நகரில் இருந்த ஸ்பானிய உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தொடுத்தவர்கள் மலைநாட்டு ஹவுஹா பள்ளத்தாக்கின் குடித்தலைவர்கள். ஸ்பானியத் தளபதி பிசாரோவின் படை வந்த காலம் முதல் தங்கள் மக்கள் ஸ்பானியருக்குக் கொடுத்தது எவ்வளவு, கொடுக்காமலே அவர்கள் சூறையாடிச் சென்றது எவ்வளவு என்று வகைவாரியாகக் கணக்குக் காட்டி அவர்கள் ஈடு கேட்டார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுக் கணக்கு அது. அத்தனையும் முடிச்சிட்ட நூல்களில் இருந்தது. கணக்கர் படித்துச் சொல்ல, எழுத்தர் ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டார்: சுமை தூக்கப் போன ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, அவர்களில் ஊர் திரும்பாதவர்கள் இத்தனை, லாமாக்கள் இத்தனை, துணி இத்தனை, பிறகு மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, கீன்வா, பானை, செருப்பு, விறகு, கரி, வைக்கோல் வரை.

அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. மானிடவியலாளர் ஜான் முர்ரா 1970களில் அதை ஆராய்ந்தபோது ஒரு ஒழுங்கைக் கண்டார். எந்த ஆண்டின் பட்டியலை எடுத்தாலும் பொருள்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் வந்தன. முதலில் மனிதர்கள், அடுத்து லாமாக்கள், அதற்கடுத்து துணி, பின்னர் உணவுப் பொருள்கள், கடைசியில் சில்லறைச் சாமான்கள். இன்கா அரசு எதை முதன்மையான செல்வம் என்று கருதியதோ அந்த வரிசையிலேயே நூல்கள் கட்டப்பட்டிருந்தன என்பது அவர் முடிவு.

இன்காக்கள் என்றதும் நம் நினைவுக்கு வருவது பொன்னும் மச்சு பிச்சுவும்தான். இரண்டும் அவர்களுடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நாணயமோ எழுத்தோ இல்லாமல், இழுவை வண்டிகூட இல்லாமல், ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு நாட்டை அவர்கள் நடத்தியது எப்படி என்ற கேள்விக்குப் பொன்னிடம் விடை கிடைக்காது. விடை ஹவுஹாவின் நூல்களில் இருக்கிறது. ஆட்களை எண்ணுவது, அவர்கள் உழைப்பை நாள்கணக்கில் வாங்குவது, உழைத்தவர்களுக்கு அரசுக் களஞ்சியத்திலிருந்து சோறும் துணியும் கொடுப்பது என்ற மூன்று காரியங்களின்மேல் அந்த அரசு நின்றது. இதைப் புரிந்துகொள்ளாமல் இன்கா வரலாற்றைப் படிப்பது, அரசர் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடும்.

அரசர்களின் கதை சுருக்கமானது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஸ்கோவைச் சுற்றி வாழ்ந்த சிறு இனங்களில் ஒன்றாகத்தான் இன்காக்கள் தொடங்கினார்கள். 15ஆம் நூற்றாண்டின் நடுவில், மரபுக் கணக்குப்படி 1438ல், சங்கா இனத்தவரின் படையெடுப்பை முறியடித்து பச்சாகூட்டி அரியணை ஏறினார். அவரும் மகன் தூபா இன்காவும் பேரன் வய்னா கபாக்கும் மூன்று தலைமுறைக்குள் இன்றைய தென் கொலம்பியாவிலிருந்து நடுச் சிலி வரை, 4,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நாட்டை விரித்தார்கள். அதை நான்கு பெரும் பகுதிகளாகப் பிரித்து, நான்கும் கூடும் இடத்தில் குஸ்கோவை வைத்தார்கள். ஒரு நூற்றாண்டைக்கூட நிறைவு செய்யாத பேரரசு இது. அதன் கீழிருந்த பழக்கங்களோ அதைவிட மிகப் பழையவை. இன்காக்கள் புதிதாகக் கண்டுபிடித்தது குறைவு; ஊர்களில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துப் பெரிதாக்கியதுதான் அவர்களுடைய திறமை.

ஊரில் இருந்த அந்த அடிப்படையின் பெயர் ஐல்யு. ஒரே மூதாதையரிடமிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் நிலத்தையும் நீரையும் மேய்ச்சலையும் பொதுவில் வைத்துக்கொண்ட கூட்டம் அது. நிலம் தனியாருக்குச் சொந்தமில்லை. குடும்பத்தின் தலைகளைப் பார்த்து ஆண்டுதோறும் பங்கு பிரித்தார்கள். ஒருவன் வீட்டுக்குக் கூரை வேய மற்றவர்கள் வந்தால், அவர்கள் வயலில் கிழங்கு தோண்ட அவன் போக வேண்டும். கைம்பெண்ணின் வயலையும் போருக்குப் போனவனின் வயலையும் ஊரே சேர்ந்து உழுதது.

ஆந்தீஸ் மலையில் இந்த ஏற்பாடு இல்லாமல் பிழைக்க முடியாது. ஒரே மலைச்சரிவில் மேலே லாமா மேயும் புல்வெளி, அதன் கீழே உருளைக்கிழங்கு விளையும் குளிர்ந்த நிலம், இன்னும் கீழே மக்காச்சோளம், அதற்கும் கீழே வெப்பக் காட்டில் கோகா இலையும் மிளகாயும். எந்தக் குடும்பமும் ஒரே உயரத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் விளைவித்துவிட முடியாது. ஆகவே ஒரு குழு தன் ஆட்கள் சிலரை ஒவ்வொரு உயரத்திலும் குடியமர்த்தி, விளைந்ததைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டது. சந்தையும் காசும் செய்யும் வேலையில் பெரும்பகுதியை உறவுமுறை செய்தது.

வீடு ஓர் அறைதான். கல் அல்லது மண்கட்டிச் சுவர், மேலே ஈச்சு என்ற மலைப்புல் கூரை. சாளரம் அரிது. நாற்காலி, கட்டில் எதுவும் இல்லை. லாமாத் தோலிலும் கம்பளியிலும் தரையில் படுத்தார்கள். அடுப்பங்கரையில் கினிப் பன்றிகள் ஓடிக்கொண்டிருக்கும். சமையல் கழிவில் வளரும் அவைதான் விருந்து நாளில் இறைச்சி. அன்றாடம் இருவேளைச் சாப்பாடு: அவித்த கிழங்கு, கீன்வாக் கஞ்சி, மிளகாயும் கீரையும் போட்ட குழம்பு. ஒரு பானை உருளைக்கிழங்கு வேகும் நேரத்தை ஒரு கால அளவாகவே இவர்கள் வழங்கியதாக ஸ்பானியப் பாதிரியார் பெர்னபே கோபோ எழுதியிருக்கிறார்.

அவர்கள் கிழங்கை என்ன செய்தார்கள் என்பது தனியாகச் சொல்ல வேண்டியது. இன்று உலகமெல்லாம் சமையலறைகளில் கிடக்கும் உருளைக்கிழங்கின் பூர்வீகம் இந்த மலைகள்தான். லிமாவில் இருக்கும் பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தின் கணக்கில் ஆந்தீஸின் நாட்டு வகைகள் மட்டும் 4,000க்கு மேல். ஆனால் கிழங்கு அழுகும் பொருள், மலையிலோ பஞ்சம் அடிக்கடி வரும். ஜூன், ஜூலை மாதங்களில் உயர்ந்த மேட்டு நிலங்களில் இரவில் நீர் உறையும், பகலில் வெயில் கொளுத்தும். அந்த நாள்களில் கிழங்கைத் தரையில் ஒற்றை அடுக்காகப் பரப்புவார்கள். இரவில் உறைந்து காலையில் இளகியதும், குடும்பத்தோடு வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிவார்கள். தோலும் கழன்றுவரும். மறுபடி உறையவும் காயவும் விட்டுப் பல நாள் இதையே செய்தால் கருத்துச் சுருங்கிக் கூழாங்கல்லைப் போல இறுகிப்போன சூன்யோ கிடைக்கும். ஆற்று நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு எடுத்தால் வெள்ளை வகை. கசப்புக் கிழங்கின் நச்சும் இதில் நீங்கிவிடும். எடை குறைந்துவிடுவதால் லாமா முதுகில் ஏற்றலாம், ஆண்டுக்கணக்கில் கெடாது. பொலிவியாவிலும் தென் பெருவிலும் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். படைகளையும் கட்டுமானங்களையும் தாங்கிய உணவு இது. அரசவை விழாக்களில் முதலிடம் பெற்றது மக்காச்சோளமும் அதை முளைகட்டியோ மென்றோ காய்ச்சி நொதிக்கவைக்கும் சிச்சாவும். ஆனால் மலைக்குடியானவனின் உயிர் கிழங்கில் இருந்தது.

உழவு மாட்டினால் நடக்கவில்லை. சாகிதக்யா என்ற கால்கலப்பை: ஆளுயரக் கம்பு, நுனியில் கூர், கால் வைத்து அழுத்த ஒரு குறுக்குக் கட்டை. ஆண்கள் வரிசையாக நின்று, பாடிக்கொண்டே ஒரே நேரத்தில் மிதித்து மண்ணைப் புரட்டியபடி பின்னோக்கி நகர்வார்கள். எதிரே குனிந்திருக்கும் பெண்கள் கட்டியை உடைத்து விதை போடுவார்கள். 1615 வாக்கில் ஸ்பெயின் மன்னருக்கு ஏறக்குறைய 1,200 பக்கக் கடிதம் எழுதி அதில் கிட்டத்தட்ட 400 படங்கள் வரைந்த குவாமன் போமா இந்தக் காட்சியை மாதவாரியாகத் தீட்டியிருக்கிறார். இன்கா குடும்பங்களின் அன்றாடத்தை அறிய அவர் படங்களுக்கு நிகரான சான்று இல்லை. குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை ஆணுக்குப் பத்து, பெண்ணுக்குப் பத்து என்று வயதுப் பிரிவுகளை அவர் அடுக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய வேலையைச் சொல்கிறார். ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் சாயத்துக்குப் பூவும் இலையும் பறிப்பார்கள். சிறுவர்கள் கண்ணி வைத்துப் பறவை பிடிப்பார்கள். பெண்களோ நடக்கும்போதும் பேசும்போதும் தக்ளியைச் சுழற்றி நூல் நூற்றபடி இருப்பார்கள்.

அந்த நூலை அரசு மதித்த அளவுக்கு வேறெதையும் மதிக்கவில்லை. சாதாரணத் துணிக்கு அவஸ்கா என்று பெயர். இருபுறமும் ஒரே சித்திரம் தெரியும்படி நெருக்கி நெய்த கும்பி என்ற உயர்ந்த துணியை ஆண் கைவினைஞர்களும் அக்லா என்று தேர்ந்தெடுத்துத் தனி வளாகங்களில் வைக்கப்பட்ட பெண்களும் நெய்தார்கள். படைவீரனுக்கு ஊதியம் துணி. பணிந்து வந்த குறுநிலத் தலைவனுக்கு இன்கா அரசர் அளிக்கும் முதல் பரிசும் துணி. 1532ல் கஹாமார்காவுக்குள் நுழைந்த ஸ்பானியர் கூரைவரை மூட்டைமூட்டையாகத் துணி அடுக்கிய வீடுகளைக் கண்டார்கள். வேண்டியதை எல்லாம் எடுத்த பிறகும் குறைந்ததாகத் தெரியவில்லை என்று பிசாரோவின் செயலாளர் ஷெரெஸ் எழுதினார்.

இவ்வளவும் சேர்ந்தது மித்தா முறையால். குடிமக்கள் தங்கள் விளைச்சலில் பங்கு தர வேண்டியதில்லை. முறை வைத்து உழைக்க வேண்டும். நிலத்தில் ஒரு பகுதி ஊருக்கு, ஒரு பகுதி அரசுக்கு, ஒரு பகுதி சூரியக் கோயிலுக்கு. பின்னிரண்டிலும் உழுவது ஊராரின் கடமை. வேலை நடக்கும் நாளில் சோறும் சிச்சாவும் கொடுப்பது அரசின் கடமை. ஆகஸ்ட் மாதத்தில் குஸ்கோவில் இன்கா தாமே கால்கலப்பையை மிதித்து உழவைத் தொடங்கிவைத்தார்.

யார் எந்த வேலைக்கு என்று முடிவு செய்ய மணமான ஆணின் குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு, பத்து, நூறு, ஆயிரம் என்று குடிகளைத் தொகுத்தார்கள். வானுக்கோ பகுதியில் வாழ்ந்த சுபாய்ச்சு மக்களிடம் 1549ல் ஸ்பானிய அதிகாரிகள் விசாரித்தபோது, முன்பு இன்காவுக்குச் செய்த வேலைகளை அவர்கள் இலக்கத்தோடு ஒப்பித்தார்கள். மொத்தம் 4,108 குடும்பங்கள். அவற்றிலிருந்து பொன் தோண்ட 120 பேர், வெள்ளிக்கு 60 பேர், குஸ்கோவில் சுவர் கட்ட 400 பேர், அங்கேயே பயிர் செய்ய இன்னொரு 400 பேர், கும்பி நெய்ய 400 பேர், அரசு மந்தை மேய்க்க 240 பேர், தேன் எடுக்க 60 பேர், மண்பாண்டம் வனைய 40 பேர், செருப்புத் தைக்க 40 பேர். இறந்துபோன அரசர் தூபா இன்காவின் பதப்படுத்திய உடலைக் காக்க 150 பேர். இன்கா ஆட்சி மறைந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தும் எண்கள் தெளிவாக வந்தன. காரணம், எண்கள் கயிற்றில் இருந்தன.

அந்தக் கயிற்றைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். கிப்பு என்று பெயர் கொண்ட அதில் ஒரு தடித்த தலைக்கயிறு, அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் பருத்தி நூல்கள் அல்லது லாமா மயிர் நூல்கள், சிலவற்றிலிருந்து கிளைநூல்கள். 1912ல் லேலண்ட் லாக் என்ற அமெரிக்க ஆசிரியர் அதன் எண்முறையை விளக்கினார். தொங்கும் நூலின் அடிமுனையில் ஒன்றாம் இடம். சற்று இடைவெளி விட்டு மேலே பத்தாம் இடம், அதற்கு மேலே நூறு. 243 என்ற எண்ணைப் போட வேண்டுமானால், மேலே அடுத்தடுத்து இரண்டு ஒற்றை முடிச்சு, நடுவில் நான்கு ஒற்றை முடிச்சு, அடியில் மூன்று சுற்றுச் சுற்றிய ஒரு நீள முடிச்சு. ஒன்றாம் இடத்தில் ஒன்று மட்டும் வந்தால் எட்டு வடிவ முடிச்சு. எண் இல்லாத இடம் வெறுமையாக இருக்கும், அதுவே சுழியம். ஒன்றாம் இடத்துக்கு மட்டும் தனி வகை முடிச்சு இருப்பதால் எண் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே அறியலாம். பல நூல்களின் கூட்டுத்தொகையைத் தனி நூலில் முடிந்துவைத்த கிப்புக்களும் உண்டு.

உலகின் அருங்காட்சியகங்களில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான கிப்புக்கள் எஞ்சியுள்ளன. லிமாவுக்குத் தெற்கே கன்யேத்தே பள்ளத்தாக்கில் உள்ள இன்காவாசியில் அலெஹாந்த்ரோ சூ அகழ்ந்தபோது களஞ்சிய அறைகளில் நிலக்கடலை, மிளகாய், கருப்பு அவரை எச்சங்களுக்கு அடியிலேயே கிப்புக்கள் கிடைத்தன. சரக்கும் அதன் கணக்கும் ஒரே இடத்தில் கிடைப்பது ஆய்வாளருக்கு வாய்க்கும் பெரும் பேறு. 2018ல் மானி மெட்ரானோவும் கேரி அர்ட்டனும் இன்னொரு வழியைத் திறந்தார்கள். சாந்தா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆறு கிப்புக்களை, அதே பகுதிக்கு ஸ்பானியர் 1670ல் எடுத்த குடிக்கணக்கோடு ஒப்பிட்டார்கள். அதில் வரி செலுத்தியவர்கள் 132 பேர். நூல் தொகுதிகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதுவே. தலைக்கயிற்றில் நூலை முன்பக்கமாகக் கட்டுவதும் பின்பக்கமாகக் கட்டுவதும் ஒருவர் ஊரின் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எண்களைத் தாண்டி நிறத்திலும் முறுக்கிலும் பெயரும் செய்தியும் பதிந்திருந்தன என்ற நம்பிக்கைக்கு இது வலுவான சான்று. 1583ல் லிமாவில் கூடிய திருச்சபைப் பேரவை பழைய சமயச் சடங்குகளைப் பதிந்த கிப்புக்களை அழிக்க ஆணையிட்டது. அன்று தீக்கிரையானவற்றோடு ஒரு மக்களின் நினைவு எவ்வளவு போயிற்று என்பதை எண்ணினால் மனம் கனக்கும்.

கணக்கர்கள் எண்ணிய சரக்கு கோல்கா என்ற களஞ்சியங்களில் இருந்தது. வானுக்கோ பம்பா என்ற மலைநகரத்தில் மட்டும் 497 கோல்காக்கள், குன்றின் சரிவில் வரிசை வரிசையாக. காற்று படும் உயரத்தில், தரையில் நீர் வடியக் கால்வாயும் அமைத்துக் கட்டியவை. கிரெய்க் மோரிஸ் அகழ்ந்து பார்த்ததில் வட்டக் கட்டடங்களில் பெரும்பாலும் மக்காச்சோளமும், நீள்சதுரக் கட்டடங்களில் வைக்கோல் போட்டுப் பொதிந்த கிழங்கும் இருந்ததற்குத் தடயம் கிடைத்தது. நகரின் நடுத்திடல் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதைச் சுற்றிச் சிச்சாப் பானைகளின் ஓடுகள் டன் கணக்கில் கிடைத்தன. முறைவேலைக்கு வந்த ஆயிரக்கணக்கானோருக்கு அரசு விருந்து வைத்த இடம் அது. கோச்சபம்பா பள்ளத்தாக்கின் கோத்தபாச்சியிலோ 2,400 களஞ்சியங்கள்.

ஹவுஹாவின் களஞ்சியங்களைப் பற்றி ஸ்பானிய அதிகாரி பொலோ தே ஒந்தேகார்தோ எழுதிய குறிப்பு வியப்பூட்டும். 1547ல் ஸ்பானிய மன்னர் அனுப்பிய லா காஸ்காவின் படை அங்கே பல வாரம் தங்கித் தின்றபோது, 15,000 ஃபனேகாவுக்கு (ஸ்பானியத் தானிய அளவு) மேல் உணவு அங்கே இருப்பில் இருந்தது என்கிறார். இன்கா அரசு விழுந்து பதினைந்து ஆண்டுகள் கழித்தும்! அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் மேலிடத்து ஆணை எதுவும் இல்லாமலே களஞ்சியத்தை நிரப்பிக்கொண்டும், கணக்கு முடிந்துகொண்டும் இருந்தார்கள். ஸ்பானியப் படை ஓர் ஊரைக் கொள்ளையிட்டுச் சென்றால், கணக்கர்கள் கூடிக் கிப்புக்களை ஒப்பிட்டு, அதிகம் இழந்த குழுவுக்கு மற்றவர்கள் ஈடு கொடுக்கச் செய்ததை ஸ்பானிய வரலாற்றெழுத்தாளர் சியேசா தே லியோன் நேரில் கேட்டறிந்து எழுதினார்.

களஞ்சியங்களை இணைத்த கபாக் ஞான் சாலைகள் 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடின. 2014ல் ஆறு நாடுகள் சேர்ந்து அவற்றை யுனெஸ்கோ மரபுச் சின்னமாக்கின. சக்கர வண்டி இல்லாத சாலை என்பதால் செங்குத்தான இடத்தில் படிக்கட்டு. சிறு தொலைவுக்கு ஒரு சாவடியில் காத்திருக்கும் சாஸ்கி ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஒரு நாளில் 240 கிலோமீட்டர் வரை செய்தி கொண்டுபோனார்கள். பள்ளத்தாக்குகளைக் கடக்கப் புல்லால் முறுக்கிய தொங்குபாலங்கள். அவற்றில் ஒன்று இன்றும் உண்டு. குஸ்கோ பகுதியில் அபூரிமாக் ஆற்றின்மேல் சுமார் 30 மீட்டர் நீளத்தில் தொங்கும் கெஸ்வாசாக்கா பாலத்தை நான்கு ஊர்கள் ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகக் கட்டுகின்றன. வீட்டுக்கு இவ்வளவு என்று கொயாப் புல்லை முறுக்கிய கயிறு வரும். மெல்லிய கயிறுகளைச் சேர்த்து நடுத்தரக் கயிறு, அவற்றைச் சேர்த்துத் தொடைப் பருமனுள்ள வடம். வடங்களை இரு கரையிலிருந்தும் ஆள்கள் இழுத்துக் கட்டிய பிறகு, இரு முனையிலிருந்தும் ஒவ்வொரு பின்னுநர் உட்கார்ந்தபடி பக்கக் கயிறுகளைப் பின்னிக்கொண்டே நடுவில் வந்து சந்திப்பார். பெருந்தொற்றுக் காலத்தில் ஓராண்டு பராமரிக்க முடியாமல் 2021ல் பாலம் அறுந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் மக்கள் மீண்டும் கட்டிவிட்டார்கள்.

இந்த ஏற்பாடுகளைக் கண்டு மயங்கியவர்கள் பலர். பிரெஞ்சுப் பொருளியலாளர் லூயி போதேன் 1928ல் இதைச் சோசலிசப் பேரரசு என்றே ஒரு நூலுக்குப் பெயரிட்டார். அப்படிச் சொல்வது பொருந்தாது. அரசு கொடுத்தது ஒருபுறம் இருக்க, கேட்டது மிக அதிகம். பணியாத இனங்களை வேரோடு பெயர்த்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்தினார்கள். வய்னா கபாக் கோச்சபம்பாப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளில் பெரும்பாலோரை வெளியேற்றிவிட்டுப் படைக்கு மக்காச்சோளம் விளைவிக்க 14,000 உழைப்பாளிகளைக் கொண்டுவந்தார். அக்லா மகளிருக்குத் தங்கள் வாழ்க்கையின்மேல் உரிமை இல்லை. ஊரூராக வந்து அழகும் திறமையும் பார்த்து எடுத்துச் சென்ற சிறுமிகள் அவர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது கபகோச்சா என்ற பலி. அர்ஜென்டினா–சிலி எல்லையில் 6,739 மீட்டர் உயரமுள்ள யூயாயாகோ சிகரத்தில் 1999ல் ஜோஹன் ரைன்ஹார்டும் கான்ஸ்தான்சா செருத்தியும் மூன்று குழந்தைகளின் உறைந்த உடல்களைக் கண்டெடுத்தார்கள். மூத்தவள் சுமார் 13 வயதுப் பெண். மற்ற இருவரும் சிறு குழந்தைகள். அந்தப் பெண்ணின் நீண்ட சடைமுடியில் அவள் கடைசி இரண்டு ஆண்டுகள் பதிவாகியிருந்தன. 2013ல் வெளியான ஆய்வின்படி, இறப்புக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்வரை குடியானவர் வீட்டு உணவு உண்டவள் திடீரென மக்காச்சோளமும் இறைச்சியும் உண்ணத் தொடங்குகிறாள். கோகா இலை பலமடங்கு கூடுகிறது. கடைசி வாரங்களில் சிச்சா மிக அதிகம். தலையைத் தாழ்த்தி, கால்களை மடக்கி, உறக்கத்திலேயே அவள் குளிரில் இறந்திருக்கிறாள். அவளைக் கொடுத்த பெற்றோர் துயரத்தை வெளிக்காட்டக்கூடாது என்பது வழக்கம் என்று ஸ்பானியக் குறிப்புகள் சொல்கின்றன. களஞ்சியங்களையும் சாலைகளையும் புகழும்போது இந்தப் பெண்ணையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இரண்டும் ஒரே அரசின் செயல்கள்.

பணிந்த இனங்களின் மனத்தில் இருந்த கசப்பு 1532ல் வெளியே வந்தது. அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வய்னா கபாக் கொள்ளைநோயில், பெரும்பாலும் பெரியம்மையில், இறந்திருந்தார். மகன்கள் வாஸ்காரும் அத்தாவல்பாவும் போரிட்டு நாட்டைக் கிழித்தார்கள். வென்ற அத்தாவல்பா அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று கஹாமார்காவில் 168 ஸ்பானியரிடம் சிறைப்பட்டார். ஓர் அறையைப் பொன்னாலும் இருமுறை வெள்ளியாலும் நிரப்பித் தருவதாகச் சொல்லி, தந்தும் விட்டார். உருக்கியதில் சுமார் 6 டன் பொன், 11 டன்னுக்கு மேல் வெள்ளி. 1533ல் அவரைக் கழுத்தை இறுக்கிக் கொன்றார்கள். ஹவுஹா மக்கள் இன்காவின்மேல் இருந்த பகையால் ஸ்பானியரோடு சேர்ந்தவர்கள். லிமா நீதிமன்றத்தில் அவர்கள் காட்டிய நீண்ட கணக்கு அந்த நட்புக்குக் கொடுத்த விலை. 1572ல் வில்கபம்பாக் காட்டில் இருந்த கடைசி இன்கா தூபாக் அமாருவைப் பிடித்து, குஸ்கோ திடலில் தலையை வெட்டியதோடு அரச வழி முடிந்தது.

மித்தா மட்டும் முடியவில்லை. 1545ல் பொதோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. தூபாக் அமாருவைக் கொல்ல ஆணையிட்ட அதே ஆளுநர் பிரான்சிஸ்கோ தே தொலேதோ, 1573ல் பழைய முறைவேலையை அந்தச் சுரங்கத்துக்குத் திருப்பினார். 16 மாகாணங்களின் ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் போக வேண்டும். ஏறத்தாழ 13,500 பேர். அரசுக் களஞ்சியம் அவர்களுக்குக் கிடையாது. அதற்கு முன்பே, சூன்யோவைப் பொதோசிக்குக் கொண்டுபோய் விற்றே பல ஸ்பானியர் செல்வந்தராகி ஊர் திரும்பினார்கள் என்று சியேசா எழுதியிருந்தார். இன்காவின் முறைவேலையில் அரசு கொடுத்து வந்த உணவை இப்போது உழைக்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும், இல்லையேல் விலைக்கு வாங்க வேண்டும். தித்திகாகா ஏரிக்கரைச் சுக்கிட்டோவிலிருந்து ஒரு முறைக்குப் புறப்பட்ட கூட்டத்தை 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஓர் ஸ்பானியர் விவரித்திருக்கிறார்: முறைக்காரர்கள் 2,200 பேர், பெண்டு பிள்ளைகளோடு 7,000 பேர். 30,000க்கு மேற்பட்ட லாமாக்களின் முதுகில் மக்காச்சோளமும் சூன்யோவும் உலர்ந்த இறைச்சியும். வழி இரண்டு மாதம். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் சிலரே. ஸ்பெயினின் காடிஸ் நாடாளுமன்றம் 1812ல் ஒழிக்கும்வரை அந்த முறை நடைமுறையில் இருந்தது.